கோடு போட்ட பக்கங்கள்

படுத்திருக்கிறேன். படுத்திருக்கத்தானே வந்திருக்கிறோம் என்று இவர் நேற்றிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டார். தலைக்கு மேலே ஓலைக்குடை, கால்மாட்டில் நீச்சல் குளம், அதற்கப்பால் வரிசையாகத் தென்னைகள், அதற்கும் அப்பால் கடல். கையெட்டும் தூரத்தில் குழல் போட்ட இளநீர். மணி மூன்று பத்து. வலது கை ஆள்காட்டி விரலின் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். அரை மணி நேரமாகத் தேய்க்கிறேன். அதற்கு முன்னால் அது வெறும் விரலாகத்தான் இருந்தது. துண்டு வாங்கப் போனேன், அவ்வளவுதான். குளத்தை ஒட்டி ஒரு சின்னக் கூண்டில் துண்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, சட்டையில் ஞானதாஸ் என்று பெயர் குத்திய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். மார்த்தாண்டத்துக்காரர். இந்தக் கேரளக் கடற்கரையில் தமிழ் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. “எக்கா, ரூம் நம்பர எழுதி ஒரு ஒப்பு போடுங்க” என்று நோட்டை நீட்டினார். பிறகு அவரே, “இந்தப் பக்கம் தீந்துபோச்சு, மறிச்சுப் போடுங்க” என்றார். புரட்டினேன். பேனாவை அழுத்தி எழுதுகிறவர் போலிருக்கிறது. பக்கத்தின் முதுகெல்லாம் மேடு மேடாக இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது. “என்னக்கா, நம்பர் மறந்துபோச்சா? நூத்திப் பதினாலு” என்று சிரித்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அவர் கொண்டுவந்து காலடியில் வைத்தபோதுதான் தெரிந்தது.

வெற்றுப் பக்கம் வழவழவென்று இருக்கும். எழுதிய பக்கத்தின் முதுகு சொரசொரக்கும். இருபத்து மூன்று வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள் திருத்துகிறவளின் விரலுக்கு இது கண்ணைவிட நன்றாகத் தெரியும். தாளைப் புரட்டும்போதே இந்தப் பிள்ளை இன்னும் எழுதியிருக்கிறதா, நிறுத்திவிட்டதா என்று சொல்லிவிடும். அன்றைக்கும் சொல்லியிருக்கிறது. பதினாறாம் தேதி மதியம், திருத்தும் முகாமின் கடைசி நாள், ஏழாவது தாள். எழுதாத பக்கங்களில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தவள், மூன்று பக்கத்துக்குமேல் பொறுமையில்லாமல் மிச்சத் தாள்களை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெருக்கல் குறியைப் போட்டு மூடினேன். சேர்த்துப் பிடித்தபோது அடித்தாளின் முதுகில் விரல் பட்டது. சொரசொரத்ததா? சொரசொரத்தது. இல்லை, இன்றைக்கு இந்த நோட்டைத் தொட்டதால் அன்றைக்கும் சொரசொரத்தது என்று நினைத்துக்கொள்கிறேன். அதுவும் இல்லை. நானே போட்ட சிவப்புக் கோட்டின் மேடாக இருக்கும், நானும்தான் அழுத்திக் கோடு போடுகிறவள். ஆனால் கோட்டின் மேடு ஒன்றாக ஓடும், சாய்வாக ஓடும். எழுத்தின் மேடு பொடிப்பொடியாக, மணலைப் போல இருக்கும். மணல் என்றதும் காலில் ஒட்டியிருக்கும் மணல் உறுத்துகிறது. காலையில் கடலுக்குப் போய்வந்த மணல். தட்டிவிடுகிறேன். போகவில்லை.

பதின்மூன்று மதிப்பெண். அது மட்டும் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது, ஏனென்றால் பதின்மூன்றை யாரும் அப்படியே மூடமாட்டோம். எழுபதுக்குப் பதினைந்து எடுத்தால் தேறிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வந்தால் முகாமில் எல்லாரும் தோண்டுவோம். அடித்துவிட்ட விடையைப் பார்ப்போம், பாதிச் சமன்பாட்டுக்கு அரை போடுவோம், படத்துக்கு அரை போடுவோம், பக்கத்து மேசையில் காட்டி “இதுக்கு ஒண்ணு குடுக்கலாமா டீச்சர்?” என்று கேட்போம். பதின்மூன்று பதினைந்தான பிறகு ஒரு நிம்மதி வரும், அந்தப் பிள்ளையை நமக்குத் தெரியாது, அதற்கும் நம்மைத் தெரியாது, அட்டையில் பெயர்கூட இருக்காது, ஆனாலும் வரும். அன்றைக்கு நான் தோண்டவில்லை. பன்னிரண்டரையைப் பதின்மூன்றாக்கினேன், நிறுத்திவிட்டேன். அதற்குள் மூன்று தடவை போன் அதிர்ந்துவிட்டது. முகாமில் போனைத் தொடக்கூடாது. பைக்குள் தேனீ மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது. பெங்களூரிலிருந்து மகள். எழுந்து வராந்தாவுக்குப் போனேன். “அம்மா, உன் ஆதாரையும் அப்பா ஆதாரையும் படம் எடுத்து இப்பவே அனுப்பு. மூணு மணிக்குள்ள புக் பண்ணலன்னா கடல் பாத்த ரூம் போயிடும். இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒருதடவையாவது ரெண்டு பேரும் எங்கயாவது போய்ப் படுங்க.” பைக்குள் என் ஆதார் இருந்தது, அவருடையது இல்லை. அவரைக் கூப்பிட்டு, அவர் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போய் எடுத்து அனுப்பி, அதை நான் மகளுக்கு அனுப்பித் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் ஒன்பதாவது தாளில் இருந்தார்கள். ஏழாவது தாள் திறந்தபடி கிடந்தது. எந்தப் பக்கத்தில் விட்டேன்? காற்றாடிக் காற்றில் இரண்டு மூன்று பக்கம் புரண்டிருந்தது. கடல் பார்த்த அறை கிடைத்துவிட்டது. சன்னலைத் திறந்தால் கடல்தான். நேற்று ராத்திரி இவர் அதைப் பார்த்து, “மக புண்ணியத்துல கடலே நம்ம வாசல்ல கெடக்கு” என்றார். நானும் சிரித்தேன். அப்போது என் விரல் சும்மா இருந்தது.

“ஏ செம்பகம், இங்க பாரு, மிதக்கேன்!” குளத்திலிருந்து கத்துகிறார். மிதக்கவில்லை. கால் கட்டைவிரல் அடியில் ஊன்றியிருக்கிறது, எனக்குத் தெரிகிறது. வேட்டியோடும் பருத்தி டிராயரோடும் குளத்தில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று, இங்கேயே கடையில் கிளிப்பச்சையில் ஒரு நைலான் டிராயர் வாங்கிப் போட்டிருக்கிறார். உலகநாதன் என்று கோவில்பட்டியில் நாலு பேர் மரியாதையாகச் சொல்லும் மனுசர். முன்தலை ஈரத்தில் ஒட்டி, வயிறு தண்ணீருக்கு மேலே வெளுத்துத் தெரிய, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறார். “நல்லா மிதக்கிங்க” என்கிறேன். “பொய் சொல்லாத” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்குகிறார். பக்கத்தில் ஒரு வடநாட்டுக் குடும்பம், பிள்ளைகள் ரப்பர் வாத்தின் மேல் ஏறி உருண்டு விழுகின்றன. கடற்கரைக் காவலாளி விசில் ஊதுகிறார், யாரோ கொடியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். முகாமில்கூட விசில்தான் ஊதுவார்கள், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு, இரண்டு மணிக்கு மறுபடி மேசைக்கு. குடையின் நிழல் நகர்ந்துவிட்டது. இடது முழங்கால் வெயிலில் கிடக்கிறது. இழுத்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றுகிறது, இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கையெழுத்து நினைவுக்கு வருகிறது. இடது பக்கம் சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வினா எண்ணையும் சுற்றிச் சதுரக் கட்டம். கட்டம் போடச் சொல்லி எந்த டீச்சரோ பழக்கியிருக்கிறாள். நானும்தான் பழக்குகிறேன். ஐந்து மதிப்பெண் விடையைப் புதுப் பக்கத்தில் ஆரம்பி, நடுவில் தெரியாதது இருந்தால் இடம் விட்டுத் தாண்டிப் போ, பிறகு வந்து நிரப்பிக்கொள்ளலாம், பயப்படாதே. வருடா வருடம் மார்ச்சில் எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லுகிறேன். இடம் விட்டுத் தாண்டிப் போ. தாண்டிப் போன பிள்ளை திரும்பி வந்து நிரப்பாமலே மணியடித்திருக்கும். நடுவில் வெற்றுப் பக்கம், அதற்கப்பால் எங்கேயோ ஒரு ஐந்து மதிப்பெண் விடை, சதுரக் கட்டத்தோடு. இடையில் கோடு போட்டுக்கொண்டே வந்த என் பேனா. எழுதியிருந்த கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கோடு இருந்தது, பின்னால் பார்க்கச் சொல்லும் அம்புக்குறியின் வால் மாதிரி. பேனா வழுக்கியது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தேனா, அல்லது அதைப் பார்க்கவே இல்லாமல் இப்போது இந்தச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நானே வரைகிறேனா? கண்ணை மூடினால் மூலை வருகிறது. மூலையில் ஒரு தடவை கோடு இருக்கிறது, ஒரு தடவை இல்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஆனால் அரை மணி நேரமாக அது பெண்ணாகிவிட்டது. ஒல்லியாக, பின்னலை மடித்துக் கட்டி, நாளைக்குக் காலையில் பக்கத்து வீட்டு போனில் ஒன்பதரை மணிக்கு எண்ணை அழுத்துகிறவளாக.

நாளைக்குக் காலையில் ரிசல்ட். ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது, ஒரு வருடம் வீணாகாது. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், எல்லா வழியும் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன் கேட்பான். தேறாதவள் கேட்கமாட்டாள். எனக்குத் தேறாதவர்களைத் தெரியும். எனக்கு ஒண்ணும் வராது டீச்சர் என்று சொல்லிக்கொண்டே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்கிறவர்கள், பதின்மூன்று என்று வந்தால் ஆமாம், பதின்மூன்றுதான் என்று நம்பிவிடுவார்கள். ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரைப் பிரிக்கும்போது நான் நாலாம் பக்கத்தைத் தாண்டிவிடுவேன். ஒவ்வொரு வருடமும் தாண்டுகிறேன். சின்னச் செய்தியாக வரும், ஊர், வயது, எந்தப் பாடம். பாடத்தின் பெயர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காகவே தாண்டுவேன். குளத்து நீரில் மருந்து வாசனை. இளநீரைக் குடிக்கிறேன். வெதுவெதுப்பாகிவிட்டது.

இவர் ஏறி வருகிறார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட வந்து என் துண்டையே எடுத்துத் துவட்டிக்கொள்கிறார். “மூஞ்சிய ஏன் பேப்பர் திருத்துற மாதிரி வச்சிருக்க?” என்கிறார். சொல்லிவிடலாம் என்று தோன்றியதும் சொல்லிவிடுகிறேன். நோட்டு, விரல், ஏழாவது தாள். அவர் என் இளநீரின் மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்கிறார்.

“மூணு பேர் பாத்த பேப்பர்லா?”

“திருத்துனது நான். மத்தவங்க கூட்டல மட்டும்தான் பாப்பாங்க.”

“அப்ப நீயும் கூட்டல சரியாத்தான் போட்டுருக்க. பொறவு என்ன?”

“பின்னால எழுதியிருந்தா?”

“இருந்தா. எழுதலன்னா? நீயே தெரியலங்குத.” காதுக்குள் தண்ணீர் போய்விட்டது போல, தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதிக்கிறார். “நாளைக்கு வரைக்கும் பொறு.”

“நாளைக்கு ரிசல்ட்.”

“அதத்தான் சொல்லுதேன். நாளைக்கு முடிஞ்சிரும்லா.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், இத்தனைக்கும் பக்கத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. “ஒம்பேரு ஹெச்.எம். பிரமோசன் பேனல்ல இருக்கு செம்பகம். ஜூன்ல ஆர்டர் வரப்போகுது. ஒரு மெமோ வந்தா அந்தப் பேர அப்படியே எடுத்துருவான். அடுத்த பேனல் வாரதுக்குள்ள நீயே ரிட்டையர் ஆயிருவ. ஒண்ணு தெரிஞ்சாச் சொல்லலாம். தெரியாதத எதுக்குப் போயிச் சொல்லணும்?” சொல்லிவிட்டு என் தோளை ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “வா, காலையாவது நனை” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நான் பேனலை நினைக்கவில்லை. நான் இருதயமேரி டீச்சரை நினைத்தேன். என் தாளுக்கு அடுத்த கையெழுத்து அவர்களுடையது. கூர்ந்தாய்வு செய்த அலுவலர் என்ற இடத்தில் பச்சை மையில், கொடி மாதிரி ஓடும் கையெழுத்து. எழுதாத பக்கம் எல்லாவற்றிலும் கோடு இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டியவர்கள். இந்த மே முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார்கள். மெமோ நிலுவையில் இருந்தால் ஓய்வுபெற விடமாட்டார்கள். முப்பத்தாறு வருட சர்வீஸ், கடைசி மாதத்தில் என்னால் நிற்கும். தூத்துக்குடியில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருசனும் இல்லாமல். அவர்களுக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன். இருக்கவேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நிழலும் முழங்காலுக்கு வந்துவிட்டது போலிருந்தது. வரவில்லை, ஒரு மேகம்தான்.

மேகம் போனது. ஞானதாஸ் நனைந்த துண்டுகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போகிறார். நாலு மணி ஆகிவிட்டது. நாலு மணிக்கு மேல் அரசாங்க ஆபீஸில் யார் இருப்பார்கள்? இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும். நான் ஒன்றும் செய்யவேண்டாம். செய்யாமல் இருப்பதற்குப் பெயர் விடுமுறை. போனை எடுக்கிறேன், மணி பார்க்க. பார்த்தாயிற்று, வைத்துவிடலாம். வாட்ஸப்பில் இருதயமேரி டீச்சரின் பெயர் ஈஸ்டர் வாழ்த்தோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் என்ன? அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது அவர்கள் முடிவு. அழுத்தின பிறகுதான் இந்த நினைப்பு எவ்வளவு அசிங்கமானது என்று படுகிறது, அதற்குள் மணி அடித்து எடுத்தும்விட்டார்கள்.

“என்ன டீச்சர், கடலுக்குள்ள இருந்தா பேசுதிய? ஒரே இரைச்சலாக் கெடக்கு.”

“கரையிலதான் டீச்சர்.”

“சார் நல்லாருக்காகளா? மீன் நல்லாக் கெடைக்குதா அங்க?”

மீன் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு, மீனோடு மீனாக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பக்கத்தில் அடுப்பிலிருந்து எதையோ இறக்கிவைக்கும் சத்தம்.

“எத்தன போட்டிய?”

“பதிமூணு.”

“பதிமூணா!” என்றார்கள். அந்த ஒரு சொல்லில் இருபது வருட முகாம் இருந்தது. “பதிமூணுன்னு பாத்திருந்தா உங்க மேசைக்குத் திருப்பி அனுப்பியிருப்பனே. நானும் பாக்கலியே. கடசி நாள்னு எனக்கும் பஸ்ஸு மேலயே கண்ணு.”

“உங்களுக்கு முப்பத்தொண்ணாம் தேதி... அதான் டீச்சர் யோசிச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு.”

“எனக்காவா யோசிச்சிய?” குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியத்தோடு கேட்டார்கள். “நான் கேட்டனா டீச்சர்? ஒரு மெமோ குடுத்தா பதில் எழுதுவோம். இத்தன வருசம் பிள்ளைகள எழுத வச்சோம், நமக்கு எழுதத் தெரியாதா? கேம்ப் ஆபீசர் சாருக்குப் போடுங்க. ரூமக் காலி பண்ணுத வேல நடக்குது, அவரு அங்கதான் இருக்காரு. நான் வேணா சேந்து பேசட்டுமா?”

“வேண்டாம் டீச்சர். நானே பேசுதேன்.”

“பேசிட்டுச் சொல்லுங்க. நான் ஒறங்கமாட்டேன்” என்று வைத்துவிட்டார்கள்.

ஆக, அவர்கள் நடுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். விலகிய இடத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். தலைமையாசிரியை என்று எழுதிய மரப்பலகை, தனி அறை, மேசைமேல் விரித்த பச்சைத் துணி, கூட்டத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசும் நான். மூன்று வருடம் காத்திருந்த ஆள் இவள்தான். நான் யாரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து உட்காருகிறேன். தாளைத் திறந்து, பின்னால் ஒன்றும் இல்லாவிட்டாலும் மெமோ உண்டு, கோடு போடாமல் விட்ட பக்கங்கள் நாலைந்தாவது இருக்கும். பின்னால் எழுதியிருந்தாலும் மெமோ உண்டு. பேசாமல் இருந்தால் மட்டும் எனக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு தெளிவாக இருப்பதை ஒரு மணி நேரமாக ஏன் விரல், மூலை, அம்புக்குறி என்று சுற்றிச் சுற்றி வந்தேன்? உறுதியாகத் தெரிந்துவிட்டால் கூப்பிடலாம் என்று இருந்தேன். உறுதி இங்கே வராது. இந்த நாற்காலியில் எத்தனை நாள் கிடந்தாலும் அந்த மூலையில் ஒரு தடவை கோடு இருக்கும், ஒரு தடவை இருக்காது. கேம்ப் ஆபீசர் சுடலைமுத்து சாரின் எண்ணைத் தேடுகிறேன். கை ஈரமாக இல்லை, ஆனால் திரை விரலை ஏற்க மறுக்கிறது. சுடிதாரில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன். எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“கெமிஸ்ட்ரி செண்பகவல்லி, சார். மூணாம் நம்பர் ரூம்.”

“சொல்லுங்கம்மா, சீக்கிரம் சொல்லுங்க, கட்டு ஏத்த லாரி நிக்கி.”

“பதினாறாம் தேதி மதியம் எனக்குக் குடுத்த கட்டுல ஏழாவது பேப்பர் சார். பின்பக்கம் எழுதியிருந்தத நான் திருத்தாம விட்டிருப்பேனோன்னு ஒரு சந்தேகம்.”

அந்தப் பக்கம் யாரையோ “கொஞ்சம் நிறுத்துங்கப்பா” என்கிறார். பெஞ்சை இழுக்கும் சத்தம் நிற்கிறது.

“என்ன மார்க்கு?”

“பதிமூணு.”

“ம்.” மூச்சு விடுகிறார். “சந்தேகமா, விட்டிருக்கிங்களா? இங்க பாருங்கம்மா, சந்தேகம்னா நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. ரிசல்ட்டெல்லாம் ஏத்தியாச்சு. அந்தப் பிள்ளை நகல் கேட்டா அன்னைக்குப் பாத்துக்கிடுவோம். விட்டிருக்கிங்கன்னா நான் சீலப் பிரிக்கணும், மேல பேசணும், உங்ககிட்ட எழுதி வாங்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

தண்ணீருக்குள்ளிருந்து இவர் என்னைப் பார்க்கிறார். போன் காதில் இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வேண்டாம் என்று ஆட்டுகிறார். இப்போது நிஜமாகவே கால் ஊன்றாமல் மிதக்கிறார், மூக்குவரை தண்ணீர். எனக்குத் தெரியாது. திருத்தினேனா விட்டேனா என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்று சொன்னால் அது உண்மை. லாரி புறப்பட்டுவிடும்.

“விட்டிருக்கேன் சார்.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார், லாரியில் ஏற்றியதை இறக்கச் சொல்லுகிறார், கெமிஸ்ட்ரி பதினாறு மதியம் என்கிறார். முணுமுணுப்பு, திட்டு, சிமெண்டுத் தரையில் இரும்புப் பெட்டி உரசும் சத்தம். “லைன்லயே இருங்கம்மா, வச்சிராதிங்க” என்கிறார்.

வைக்கவில்லை.